நோட்டின் பின்பக்கம்

புரோ நோட்டின் முன்பக்கத்தில் சுவாரஸ்யமாக ஒன்றும் இருக்காது. தேதி, தொகை, நூற்றுக்கு மாதம் இத்தனை ரூபாய் வட்டி, கேட்கும்போது தருகிறேன் என்ற உறுதி, ஸ்டாம்பின் மேல் குறுக்கே ஓடும் கையெழுத்து அல்லது கைநாட்டு. சேந்தமங்கலத்தில் எழுதினாலும் செங்கல்பட்டில் எழுதினாலும் வாசகம் ஒன்றுதான். விஷயம் பின்பக்கத்தில் இருக்கிறது. கடலை விற்ற கையோடு கொண்டுபோய்க் கொடுத்த பதினைந்து ரூபாய், மாட்டை ஓட்டிவிட்டுக் கொடுத்த இருபது ரூபாய் எல்லாம் அங்கேதான் வரவு ஏற வேண்டும். ஏறினால் கடன் குறையும். "அப்புறம் எழுதிக்கலாம்" என்று கடன் கொடுத்தவர் நோட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டால், அந்தப் பணம் போன இடம் தெரியாது. ஏறாத வரவை முன்சீப் கோர்ட்டில் நிரூபிப்பது குதிரைக் கொம்பு.

கடன் வாங்கிய கதைகள் நம்மிடம் நிறைய உண்டு. கடனில் மூழ்கிய கதைகள் இன்னும் அதிகம். வருஷக்கணக்கில் கட்டி ஒருநாள் தீர்த்தவர்களின் கதையை மட்டும் யாரும் பெரிதாக எழுதிவைக்கவில்லை. தீர்ந்தது என்று யார் சொல்வது, எந்தக் காகிதம் சொல்வது, கட்டியதற்கு என்ன மதிப்பு என்ற கேள்விகளுக்கு இந்தப் பக்கத்துச் சீமை நூறு வருஷத்துக்கு மேலாகப் பதில் தேடிவந்திருக்கிறது. அதில் ஒரு பதில் சேலம் மாவட்டத்து வக்கீல் ஒருவரிடமிருந்து வந்தது.

சேந்தமங்கலம் நாமக்கல்லிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில், கொல்லிமலை அடிவாரத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது. ஒரு காலத்தில் ராமச்சந்திர நாயக்கரின் பாளையம். பக்கத்தில் நைனாமலை, ஊருக்குள் சோமேஸ்வரர் கோயில், ஊரையொட்டித் தத்தாத்ரேயர் கோயில். சுற்றிலும் மானாவாரிக் கடலையும் சோளமும், கிணறு இருந்தால் வெங்காயமும் நெல்லும், பிற்காலத்தில் மரவள்ளியும். காவிரி இந்த மண்ணை எட்டிப் பார்ப்பதில்லை. மழை பொய்த்தால் கிணறு வறளும், கிணற்றை ஆழப்படுத்தக் கடன் வாங்க வேண்டும், ஆழப்படுத்திய கிணற்றிலும் தண்ணீர் வராவிட்டால் கடன் மட்டும் ஊறும்.

1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியின் கைக்கு வந்த சேலம் சீமையை அளந்து தீர்வை போட்டவர் அலெக்சாண்டர் ரீடு. அவருக்குக் கீழே உதவியாளராக இருந்து தொழில் கற்றவர் தாமஸ் மன்றோ. பிற்பாடு ரயத்துவாரி என்று தென்னாடு முழுவதும் பரவிய முறைக்கு இங்கேதான் ஒத்திகை நடந்தது. அந்த முறையின் நல்லது கெட்டதைப் பற்றிப் பேச இது இடமில்லை. கடன் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் மட்டும் போதும். தீர்வையை ரொக்கமாகக் கட்ட வேண்டும், அதுவும் கிஸ்து கிஸ்தாக, சர்க்கார் குறித்த மாதத்தில். விளைச்சல் களத்துக்கு வந்து நல்ல விலைக்குக் காத்திருப்பதற்குள் கிஸ்து தேதி வந்துவிடும். அன்றைக்குக் கையில் காசு வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் போய் நிற்பதைத் தவிர வேறு வழி இல்லை. கடன் கொடுப்பவர் என்றால் தொந்தியும் தராசுமாக ஒரு வெளியூர் சேட்டைக் கற்பனை செய்வது சினிமாவின் பழக்கம். சென்னை மாகாணத்துக் கிராமங்களில் பாதிக்கதை வேறு. கடன் கொடுத்தவரும் பெரும்பாலும் விவசாயிதான், கொஞ்சம் வசதியானவர், சில சமயம் சம்பந்தி. அதனால்தான் வசூல் மென்மையாகவும் இருந்தது, நிலம் கைமாறுவது சத்தமில்லாமலும் நடந்தது.

1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் சேலத்தைப் போட்டுப் புரட்டியது. 1871க்கும் 1881க்கும் இடையே மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பஞ்சத்தில் செத்தவர் போக, பிழைத்தவர் கடனோடு பிழைத்தார். அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1875 மே மாதம், புனே பக்கத்தில் சூபா என்ற சந்தை ஊரில் விவசாயிகள் வட்டிக்கடைக்காரர்களின் வீடுகளுக்குள் புகுந்தார்கள். அவர்கள் குறிவைத்தது உயிரையோ நகையையோ அல்ல. பத்திரங்களையும் கணக்கு நோட்டுகளையும் கொளுத்தினார்கள். கடன் என்பது காகிதத்தில்தான் உயிர்வாழ்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1879இல் இந்திய அரசு தக்காண விவசாயிகளுக்கான நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. சென்னை மாகாணத்துக்கு அப்படி ஒரு சட்டம் வர இன்னும் 59 வருஷம் ஆயிற்று.

இடையில் அறிக்கைகள் வந்தன. 1895இல் சென்னை அரசின் அதிகாரி பிரெடெரிக் நிக்கல்சன் மாகாணத்தின் விவசாயக் கடனை 45 கோடி ரூபாய் என்று கணக்கிட்டார். ஜெர்மனியில் ரைபைசன் கட்டிய கிராமச் சங்கங்களைப் போல இங்கேயும் வேண்டும் என்றார். 1904இல் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தது, அதே வருஷம் திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் பதிவானது. ஆனாலும் 1930இல் வங்கி விசாரணைக் குழு கடனை 150 கோடி என்றது, 1935இல் சத்தியநாதன் அறிக்கை 200 கோடி என்றது. சங்கம் ஒரு பக்கம் வளர, கடன் அதைவிட வேகமாக வளர்ந்திருக்கிறது.

நாமக்கல் தாலுகா இந்தக் காலத்தில் ஒரு விசித்திரமான பயணம் போய்வந்தது. 1910இல் சேலத்திலிருந்து பிரித்துத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு சேர்த்தார்கள், 1929இல் திருப்பிக் கொடுத்தார்கள். சேந்தமங்கலத்துக்காரர் மனு எழுதும் மேல்விலாசம் மாறியது, கடன் மாறவில்லை. தாலுகா சேலத்துக்குத் திரும்பிய அந்த 1929இல்தான் உலகச் சந்தை கவிழ்ந்தது. அடுத்த சில வருஷங்களில் நெல்லும் கடலையும் பாதி விலைக்கு வந்தன. நூறு ரூபாய்க் கடனுக்கு முன்பு பத்து மூட்டை விற்றால் போதும் என்றிருந்தால், இப்போது இருபது மூட்டை வேண்டும். நோட்டில் எழுதிய தொகை கூடவே இல்லை, கடன் மட்டும் இரட்டிப்பாகிவிட்டது.

அந்த வருஷங்களில் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துப் புதுப்பாளையத்தில் ஒரு ஆசிரமம் நடந்துகொண்டிருந்தது. 1925இல் அதைத் தொடங்கியவர் சேலத்தில் 1900 முதல் வக்கீல் தொழில் நடத்தி, சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்த சி. ராஜகோபாலாச்சாரி. கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு என்பவை ஆசிரமத்தின் வேலைகள். மதுவிலக்குக்காக 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகையும் அங்கிருந்து வந்தது, கல்கி அதில் துணையாக இருந்தார். ராஜாஜியை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒத்துக்கொள்ளும் ஒரு விஷயம், புரோ நோட்டு வழக்கு எப்படி நடக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது.

1937 ஜூலையில் அவர் மாகாணத்தின் பிரதமரானார். 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மூடப்பட்டன. கலெக்டர் டிக்சன் முன்நின்று நடத்திய அந்த மதுவிலக்குதான் இன்றைக்கும் பேசப்படுகிறது. அதே தேதி இன்னொரு சட்டத்துக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றிப் பேசுபவர் குறைவு. 1938ஆம் வருஷத்து நான்காவது சட்டம், சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1938 மார்ச் 22 அன்று அமலுக்கு வந்தது. 1932 அக்டோபர் 1க்கு முன் வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி என்றது அது. அசல் மட்டும் பாக்கி.

இந்தச் சட்டத்தின் உயிர்நாடி வேறோர் இடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நோட்டு எப்படிப் பிள்ளை பெறும் என்று பார்க்க வேண்டும். புரோ நோட்டுக்கு மூன்று வருஷம் ஆயுள். அதற்குள் பின்பக்கத்தில் கையெழுத்தோடு ஒரு வரவாவது விழ வேண்டும், இல்லாவிட்டால் நோட்டு காலாவதி. அதனால் மூன்று வருஷம் முடியும் சமயத்தில் கடன் கொடுத்தவர் வீட்டுக்கு ஆள் அனுப்புவார். பழைய நோட்டைக் கிழித்துப் போட்டு, அசலையும் வட்டியையும் கூட்டிப் புது நோட்டு எழுதுவார்கள். 1926இல் 100 ரூபாய், மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். 1929இல் புது நோட்டு 136 ரூபாய்க்கு. 1932இல் 185. 1935இல் 251. ஒன்றும் கட்டாமல் 1938 வந்தால் 342 ரூபாய். ஒவ்வொரு நோட்டிலும் "இன்று ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்" என்றுதான் வாசகம். பழைய நோட்டு கிழிந்தபோது அதன் பின்பக்கமும், அதில் ஏறிய வரவுகளும் சேர்ந்து கிழிந்தன. கோர்ட்டுக்கு முன்னால் இருப்பது நேற்றுப் பிறந்த 342 ரூபாய் அசல்.

1938 சட்டம் அந்த வரிசையைப் பின்னோக்கி நடந்தது. எத்தனை தடவை புதுப்பித்தாலும் முதன்முதல் கைமாறிய தொகைதான் அசல் என்றது. அதன்படி மேலே சொன்ன ஆள் தர வேண்டியது 342 இல்லை, 100. அதோடும் நிற்கவில்லை. இத்தனை வருஷத்தில் அசல் என்றோ வட்டி என்றோ எந்தப் பெயரில் கொடுத்திருந்தாலும், கொடுத்த மொத்தம் அசலின் இரண்டு மடங்கைத் தொட்டிருந்தால் கடன் முழுவதும் தீர்ந்தது. 200 கட்டியவருக்கு ஒரு தம்பிடி பாக்கி கிடையாது. 150 கட்டியிருந்தால் இரண்டு மடங்குக்குக் குறைகிற 50ஐக் கொடுத்துவிட்டுப் போகலாம். வட்டி என்று வாங்கிப் பெட்டியில் போட்ட பணமெல்லாம் சட்டத்தின் கண்ணில் கடனைக் குறைத்த பணமாகிவிட்டது. பம்பாய்ப் பக்கத்தில் வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்ற பழைய தர்மசாஸ்திர விதியைக் கோர்ட்டுகள் ஒப்புக்கொண்டு வந்தன, சென்னை மாகாணத்து வெளியூர்க் கோர்ட்டுகள் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த விதியின் பேரன் சட்டசபை வழியாக வந்து சேர்ந்தான் என்று சொல்லலாம்.

1932க்குப் பிந்தைய கடனுக்கு அதிகபட்சம் 5 சதவீதச் சாதா வட்டியாகக் கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். இனிமேல் வாங்கும் கடனுக்கு வருஷத்துக்கு ஆறேகால் சதவீதம். அந்தக் கணக்கு ஊர்க்காரருக்குப் புரியும்படி சட்டத்திலேயே எழுதியிருந்தது: ரூபாய்க்கு மாதம் ஒரு தம்பிடி, அல்லது ரூபாய்க்கு வருஷம் ஓரணா. அன்றைக்கு நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வாங்கியவர் தன்னை நல்லவர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்; அதில் ஏறக்குறைய பாதிதான் இது.

கோர்ட் டிக்ரி வாங்கி நிலம் ஏலத்துக்கு வந்துவிட்டவருக்கும் வழி வைத்திருந்தார்கள். ஏலத்தை நிறுத்தச் சொல்லி மனு போடலாம், ஆனால் நிறுத்தியதிலிருந்து 60 நாளுக்குள் டிக்ரியைத் திருத்தச் சொல்லி அடுத்த மனு போட்டாக வேண்டும். இந்த 60 நாள் கெடு வக்கீல் குமாஸ்தாக்களுக்கு நல்ல வருமானம் கொடுத்திருக்கும்.

கடன் கொடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? புரோ நோட்டு மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயம், மாகாணச் சட்டசபை அதில் கைவைக்க முடியாது என்று வழக்கு போனது. சுப்பிரமணியன் செட்டியார் எதிர் முத்துசாமி கவுண்டன் என்ற அந்த வழக்கு டெல்லியிலிருந்த பெடரல் கோர்ட் வரை ஏறியது. நோட்டு ஏற்கெனவே கோர்ட் டிக்ரியாக மாறிவிட்டது, இனி அது நோட்டு இல்லை என்று 1940இல் பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்து சட்டத்தைக் காப்பாற்றினார்கள். டிக்ரியாகாத நோட்டின் கதி என்ன என்ற கேள்வி தொங்கிக்கொண்டே இருந்தது. 1947 பிப்ரவரியில் வங்காளத்து வட்டிச் சட்ட வழக்கொன்றில் லண்டன் பிரிவி கவுன்சில்தான் அதைத் தீர்த்தது. சட்டத்தின் சாரம் வட்டித்தொழிலைக் கட்டுப்படுத்துவது என்றால், வழியில் புரோ நோட்டைத் தொட்டுவிட்டுப் போவது தப்பில்லை என்றார்கள். சுதந்திரத்துக்கு ஆறு மாதம் முன்னால்!

சட்டம் யாரை விட்டுவிட்டது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வருமான வரி கட்டுபவர்கள் இதில் வர முடியாது, நியாயம். கடன் கொடுத்தவர் ஒரு பெண்ணாக இருந்து, அவருக்கு வேறு சொத்து எதுவும் இல்லாமல், கடனும் 3,000 ரூபாய்க்கு மேற்படாமல் இருந்தால் அந்தக் கடனைச் சட்டம் தொடாது. கணவன் போனபிறகு கையிலிருந்த ரொக்கத்தை வட்டிக்கு விட்டுச் சாப்பிடும் பெண்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள், அவர்களை நினைத்துப் போட்ட பிரிவு இது. சட்டம் எழுதியவரின் ஊரறிவு இங்கேதான் தெரிகிறது.

ஆனால் 'விவசாயி' என்பதற்குச் சட்டம் கொடுத்த விளக்கத்தில், நிலத்தில் ஏதாவது ஓர் உரிமை இருக்க வேண்டும். சொந்த நிலமோ குத்தகையோ. அடுத்தவர் காட்டில் கூலிக்கு உழுதவருக்கும், கல்யாணத்துக்கு வாங்கிய இருபது ரூபாய்க்காகப் பண்ணையத்தில் வருஷக்கணக்கில் வேலை செய்தவருக்கும் இதில் இடமில்லை. அவர்களுக்கு நோட்டும் இல்லை, நோட்டின் பின்பக்கமும் இல்லை. கொடுத்த உழைப்பு எந்தக் காகிதத்திலும் வரவாக ஏறவில்லை. 1975 அக்டோபர் அவசரச் சட்டமும் 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வந்துதான் அப்படிப்பட்ட கடன் செல்லாது என்றாயிற்று. இன்றைக்கு மீட்கப்படுபவர்களுக்கு அதிகாரி கையெழுத்திட்டுக் கொடுக்கும் விடுதலைச் சான்றிதழ்தான் அவர்கள் வாழ்க்கையில் கடன் பற்றிய முதல் எழுத்து ஆதாரமாக இருக்கும்.

போக்கியம் போட்ட நிலமும் முதலில் தப்பித்தது. நிலத்தைக் கடன் கொடுத்தவர் கையில் ஒப்படைத்துவிட்டு, வட்டிக்குப் பதில் அவரே விளைவித்துச் சாப்பிடுவது போக்கியம். பத்து வருஷம் சாப்பிட்டாலும் அசல் அப்படியே நிற்கும். 1948இல் சட்டத்தைத் திருத்தினார்கள். போக்கியத்தில் 30 வருஷம் நிலத்தை அனுபவித்துவிட்டால் கடன் தானாகத் தீர்ந்தது, நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தாத்தா போக்கியம் போட்டதைப் பேரன் கணக்குப் பார்த்து மீட்க முடிந்தது அந்தத் திருத்தத்தால்தான்.

கடனைக் குறைத்ததில் சட்டத்துக்கு எவ்வளவு பங்கு, இரண்டாம் உலகப்போருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது கஷ்டம். போர்க்காலத்தில் தானிய விலை எகிறியது. விற்க நெல் வைத்திருந்தவர் இரண்டு போகத்தில் பழைய கடனை அடைத்தார். பொருளியல் அறிஞர் நாராயணசாமி நாயுடு 1945இல் ஆய்ந்து சொன்னபடி மாகாணத்தின் மொத்தக் கடன் 1939இல் 272 கோடியாக இருந்து 218 கோடிக்கு இறங்கியது. உள்ளே பார்த்தால் பெரிய, நடுத்தர விவசாயிகளின் கடன்தான் குறைந்தது. விற்பதற்கு ஒன்றும் இல்லாத குத்தகைக்காரரும் கூலிக்காரரும் விலையேற்றத்தில் முன்பைவிட அதிகமாகக் கடன்பட்டார்கள்.

தவணை போட்டு வருஷக்கணக்கில் கட்டித் தீர்ப்பது என்ற ஒழுங்கு இந்த மாகாணத்துக்கு நில அடமான வங்கிகள் வழியாக வந்தது. 1929இல் தொடங்கிய சென்னை மத்திய நில அடமான வங்கி கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டியது, ஊர் வங்கிகள் அதை நிலத்தின் மேல் விவசாயிக்கு நீண்டகாலக் கடனாகக் கொடுத்தன. அந்தப் பணத்தில் பெரும்பகுதி போனது கிணறு வெட்ட இல்லை, பழைய கடனை அடைக்க. வருஷா வருஷம் ஒரே தொகை, 20 வருஷம் வரைக்கும் தவணை. ஆயிரம் ரூபாய், 6 சதவீத வட்டி என்று கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 87 ரூபாய் சொச்சம். முதல் வருஷம் அதில் 60 ரூபாய் வட்டிக்கே போய்விடும், 27 தான் அசலில் கழியும். கடைசி வருஷம் வட்டி 5 ரூபாய்கூட இருக்காது. மொத்தம் கட்டியது 1,744 ரூபாய். இருபது வருஷம் இழுத்தும் அசலின் இரண்டு மடங்கைத் தொடவில்லை. 1938 சட்டம் போட்ட எல்லைக்குள் ஒரு நேர்மையான தவணைத் திட்டம் அடங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

கடலைக்காட்டில் கற்ற இந்தக் கணக்கு நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் சக்கரத்துக்கு மாறியது. மானாவாரி நிலம் சோறு போடாது என்று தெரிந்தவர்கள் லாரிக்கு வந்தார்கள். கிளீனராக ஏறி, டிரைவராகி, ஓனராவது என்பது இங்கே ஒரு படிப்பு மாதிரி. சேஸிஸ் மட்டும் வாங்கி, டிரைவர் உட்கார ஒரு சீட்டைப் போட்டு ஓட்டிவந்து, நாமக்கல் பட்டறையில் பாடி கட்டுவார்கள். சேஸிஸுக்கு பைனான்ஸ், பாடிக்கும் டயருக்கும் நகையும் மச்சானும். நான்கு பேர் பங்கு போட்டு ஒரு வண்டி எடுப்பதும் சகஜம்.

அந்த பைனான்ஸின் சட்ட வடிவம் எங்கிருந்தோ வந்தது. 1850களில் அமெரிக்காவில் சிங்கர் கம்பெனி தையல் மெஷினை வாடகைக் கொள்முதலில் கொடுத்துப் பிரபலமாக்கியது. பொருள் விற்றவருக்கே சொந்தம், வாங்கியவர் தவணையை வாடகையாகக் கட்டுவார், கடைசித் தவணையோடு அது அவருடையதாகும். சென்னையில் டி.எஸ். சந்தானம் 1954இல் சுந்தரம் பைனான்ஸைத் தொடங்கியபோது லாரிக்காரருக்கு இந்த வழி முறையாகத் திறந்தது. 1974இல் சீட்டுக் கம்பெனியாகத் தொடங்கிய ஸ்ரீராம், 1979இல் போக்குவரத்து பைனான்ஸுக்குள் வந்து, வங்கி ஏறெடுத்துப் பார்க்காத பழைய லாரிகளுக்கும் டிரைவர்-ஓனர்களுக்கும் கொடுத்தது. நாமக்கல்லிலும் சேலத்திலும் உள்ளூர்க்காரர்கள் கூட்டு சேர்ந்து நடத்திய சின்ன பைனான்ஸ்களுக்குக் கணக்கே இல்லை.

1972இல் பாராளுமன்றம் வாடகைக் கொள்முதல் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. வாங்கியவருக்குப் பாதுகாப்பான பிரிவுகள் அதில் இருந்தன. அமலுக்கு வரும் தேதியை அறிவித்தார்கள், பின்னர் அறிவிப்பையே ரத்து செய்தார்கள். ஒருநாள்கூட அமலில் இல்லாமல் 2005இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ராஜாஜியின் சட்டம் எட்டே மாதத்தில் வந்ததையும் இது முப்பத்து மூன்று வருஷம் படுத்தே கிடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சட்டம் போட விருப்பம் இருப்பது வேறு, அதைக் கையில் எடுக்க விருப்பம் இருப்பது வேறு என்று தெரிகிறது.

இங்கே யாரும் தவணை என்று சொல்வதில்லை. டியூ. "வண்டி டியூ எத்தனை?" என்பதுதான் பெண் கொடுக்க வருபவரின் விசாரணையிலும் வரும். பழைய பைனான்ஸ்களில் வட்டி 'பிளாட்'. லட்ச ரூபாய்க்கு 12 சதவீதம், 36 மாதம் என்றால் வட்டி 36,000, மொத்தம் 1,36,000, மாத டியூ 3,778. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வரும்போதும் முதல்நாள் அசலுக்கே கடைசி மாதம் வரை வட்டி போடுகிறார்கள். குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும். எட்டாம் வகுப்போடு நிறுத்திய லாரி ஓனர்கள் பலர் இதை விரல் மடக்கிச் சொல்லிவிடுவார்கள்.

டியூ நின்றால் வண்டி நடுரோட்டில் நிற்கும். சீசிங் ஆட்கள் சாவியை வாங்கிக்கொண்டு போவதும், லோடு பாதி வழியில் கிடப்பதும் 1980களிலும் 90களிலும் இந்த வட்டாரத்தில் அன்றாடக் கதை. 2007இல் உச்ச நீதிமன்றம் ஒரு வங்கி வழக்கில், வசூலுக்கு அடியாட்களை அனுப்பக் கூடாது என்று கண்டித்துச் சொன்னது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ரிசர்வ் வங்கி டியூவுக்கு மூன்று மாதம் அவகாசம் தந்து, ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. லாரிகள் வரிசையாக ஷெட்டில் நின்றன, டியூ கேட்கவில்லை, வட்டி மட்டும் ஓடியது. அந்த மாதங்களில் வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 2021 மார்ச் ஆகிவிட்டது. வட்டிக்கு வட்டி என்பது புது நோட்டு எழுதுகிற அதே பழைய வித்தைதான்.

காட்டுப்பக்கம் வேறு மாதிரியான வரலாறு நடந்தது. 2006 மே மாதம் பதவியேற்ற கையோடு கருணாநிதி கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தார். 2016இல் ஜெயலலிதா சிறு, குறு விவசாயிகளுக்குத் தள்ளுபடி செய்தார். ஐந்து ஏக்கருக்கு மேல் உள்ளவர்களுக்கும் உண்டு என்று உயர் நீதிமன்றம் 2017இல் சொல்ல, உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் அதை மாற்றியது. நடுவில், 2021 பிப்ரவரியில் பழனிசாமி 12,110 கோடி ரூபாய் தள்ளுபடியை அறிவித்தார், 16.43 லட்சம் விவசாயிகளுக்கு. கிணறு வறண்ட வருஷங்களில் இது பல குடும்பங்களைக் காப்பாற்றியது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் மூன்று முறையும் ஒரே முணுமுணுப்பு டீக்கடையில் கேட்டது. குறித்த தேதியில் பாக்கி நின்றவருக்குத் தள்ளுபடி. போன மாதம் தாலியை அடகு வைத்துக் கட்டித் தீர்த்தவருக்குக் கும்பிடு.

1938 சட்டம் நேர்எதிர் திசையிலிருந்து வந்தது. அது பாக்கியைப் பார்க்கவில்லை, கட்டியதைப் பார்த்தது. பத்து வருஷம் துளித்துளியாகக் கொடுத்தவரைத்தான் அது முதலில் விடுவித்தது. கட்டாமல் ஏமாற்றியவருக்கும் நிலுவை வட்டியை விட்டுக்கொடுத்தது உண்மை. என்றாலும் அசலை அவர் கொடுத்தே ஆக வேண்டும். தேர்தல் மேடையில் முழங்க வசதியான கணக்கு இல்லை அது. ஒவ்வொரு நோட்டாகத் திருப்பிப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு வரவாகக் கூட்ட வேண்டும். அதனாலேயே அப்படி ஒரு சட்டம் மறுபடி வரவில்லை என்று தோன்றுகிறது.

கட்டித் தீர்த்தவருக்குக் கிடைக்கும் காகிதம் பற்றிய சண்டை மட்டும் இன்னும் தொடர்கிறது. முன்பு நோட்டை எதிரிலேயே கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள், அதோடு கணக்கு முடிந்தது. இப்போது கடன் தீர்ந்தாலும் பத்திரம் வங்கியின் ஏதோ ஒரு கிளைக் கிடங்கில் கிடக்கும். 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டது: முழுக் கடனும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதத்துக்கு நிறுவனமே காரணம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடன்தாரருக்குக் கொடுக்க வேண்டும். அந்த வருஷம் டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பேரம் பேசி 'செட்டில்மென்ட்' செய்துகொண்டவர் நிலைமை வேறு. கடன் தீரும், சிபில் கடன் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று வராமல் 'செட்டில்டு' என்று நிற்கும். அடுத்த கடனுக்குப் போகும்போது மேனேஜர் அந்த ஒரு வார்த்தையைத்தான் பார்ப்பார்.

லாரிக்காரருக்கு ஆர்.சி.தான் பத்திரம். அதில் எச்.பி., அதாவது வாடகைக் கொள்முதல், என்று பைனான்ஸ் பெயர் ஏறியிருக்கும், கேபின் கதவிலோ பின்பலகையிலோ அதையே சின்ன எழுத்தில் எழுதியும் வைத்திருப்பார்கள். கடைசி டியூ கட்டினால் அந்தப் பெயர் தானாகப் போகாது. பைனான்ஸ்காரர் 35ஆம் எண் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, என்.ஓ.சி.யோடு கொடுக்க வேண்டும். அதை ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்துப் பெயரை நீக்க வேண்டும். டியூ முடிந்த சந்தோஷத்தில் சிலர் இந்த வேலையைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள். நான்கைந்து வருஷம் கழித்து வண்டியை விற்கப் போகும்போது, கடன் கொடுத்த பைனான்ஸ் கடையையே மூடியிருக்கும், அல்லது வேறு கம்பெனியோடு சேர்ந்து பழைய கணக்கு எந்த ஊரில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாமல் இருக்கும். அப்போது கடைசி ரசீதையும் பாஸ்புக்கையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான். பழைய வண்டி பார்க்க வரும் புரோக்கர் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் எச்.பி. கேன்சல் ஆகிவிட்டதா என்று கேட்டு, ஆர்.சி.யை வாங்கிப் பார்த்த பிறகுதான் விலை பேசத் தொடங்குகிறார்.